தொடக் கூடாத வரி

அரியலூர்
9 ஜூன் 2025

தம்பி ஜெயப்பிரகாஷுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். என் நம்பரை நீ போனில் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். அந்த நம்பரே இப்போது என்னிடம் இல்லை. அதனால்தான் தபால். இது சமாதானம் பேசும் கடிதம் இல்லை, உன் லேப் சம்பந்தப்பட்ட விஷயம். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. படிக்காமல் கிழிக்காதே.

எதிர்வீட்டு ரெங்கம்மாள் போன வாரம் பெரம்பலூர் போனபோது உன் லேபில் சர்க்கரை பார்த்துவிட்டு வந்தார். ரிப்போர்ட் போனிலேயே வந்துவிட்டதாம். "எழுத்து பொடிப்பொடியா இருக்கு, என்னன்னு பாரும்மா" என்று நீட்டினார். நீலமும் பச்சையுமாகப் பூ வேலை, கீழே கை கூப்பும் பொம்மை, அதன் பக்கத்தில் ஏதோ புது கம்பெனியின் பெயர். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்த டாக்டர் அனுப்பினார் என்பதற்கான ஆங்கில வரியில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. அந்த எழுத்தை விட்டவள் நான். 2003-ல் நீ லேப் ஆரம்பித்தபோது சென்னையிலிருந்து இரண்டு வாரம் லீவு போட்டு வந்து உனக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேனே, அதில் விட்டது. புது கம்பெனி உனக்குக் கொடுத்திருப்பது புது வீடு இல்லை. என் பழைய சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. ரிப்போர்ட்டில் ரெங்கம்மாளின் பதிவு நம்பர் 96,480. அதைப் பார்த்ததும்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

லேபுக்கு வருகிறவர்களுக்கு வரிசையாக ஏறும் அந்த நம்பருக்கு நான் ஐந்து இலக்கம்தான் கொடுத்திருந்தேன். அப்போது நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் பெரிது. லட்சம் பேர் வர இருபத்தேழு வருடம் ஆகும், அதற்குள் யாராவது மாற்றி எழுதிவிடுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் நினைப்போம். அந்த 'யாராவது' வருவதே இல்லை.

99,999-க்குப் பிறகு நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். பழைய ஒன்றாம் நம்பர்க்காரரின் பெயரை அழித்துவிட்டுப் புது ஆளின் பெயர் ஏறும். ஆனால் ரத்த குரூப் அழியாது. மனிதனுக்கு ரத்த குரூப் சாகும்வரை மாறாது, ஆகவே ஒருமுறை பதிவான குரூப்பை யாரும் தொடக் கூடாது என்று நானே ஒரு வரி எழுதி வைத்தேன். "யாரு தப்பா தட்டினாலும் அழியாது, பாரு" என்று உன்னிடம் பெருமையாகக் காட்டினேன். எந்தப் பரிசோதனைக்கு வந்தாலும் ரிப்போர்ட்டின் அடியில் அந்தக் குரூப் தானாக அச்சாகும். இனிமேல் பெயர் புதியவருடையதாகவும் குரூப் பழையவருடையதாகவும் அச்சாகப் போகிறது.

தயவுசெய்து பார்.

பூங்குழலி


பெரம்பலூர்
14 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

லேபில் இப்போது இருப்பது சென்னைக் கம்பெனி ஒன்றின் மென்பொருள். போன வருடம் எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டார்கள். மாதா மாதம் எனக்குப் படம் போட்டு அறிக்கை வருகிறது. இருந்தாலும் தாங்கள் எழுதியதற்காக அவர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது. ஐந்து நிமிடம் விளக்கிச் சொன்ன பிறகுதான் அது பெண் இல்லை, மிஷின் என்று புரிந்தது. பிறகு ஒரு புகார் எண் கொடுத்தார்கள். மறுநாள், "உங்கள் அமைப்பில் எந்தக் கோளாறும் இல்லை" என்று பதில் வந்தது. விஷயம் அவ்வளவுதான்.

நேற்று மாலை வரை நம்பர் 97,412. தாங்கள் பயப்படுவதுபோல் எதுவும் நடக்கவில்லை.

தாங்கள் எதிலும் முதலில் ஓட்டையைத்தான் பார்ப்பீர்கள். என் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் சந்தோஷமாக நின்றபோதும், "கம்ப்யூட்டர்ல சேத்துப் புள்ளையக் கெடுக்காத" என்றீர்கள். முப்பது வருடம் அதே தொழிலில் சம்பாதித்தவர் சொன்ன வார்த்தை. முத்தமிழ் அன்றைக்கு மொட்டை மாடியில் போய் அழுதாள். இப்போது திருச்சியில் அதே படிப்பில் மூன்றாம் வருடம் முடித்திருக்கிறாள். வகுப்பில் முதலிடம். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஜெ. ஜெயப்பிரகாஷ்


அரியலூர்
17 ஜூன் 2025

தம்பிக்கு,

'தங்கள்', 'அவர்கள்' என்றெல்லாம் பார்த்ததும் பேங்கிலிருந்து வந்த கடிதமோ என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன்.

முத்தமிழ் விஷயத்தில் நான் பேசியது தப்பு. அதைத் தனியாக எழுதுகிறேன். இப்போது நேரமில்லை. உன் நம்பர் 97,412 என்றால், நாளைக்கு நூற்றுப்பத்துப் பேர் என்று வைத்தாலும் இன்னும் இருபத்துநாலு வேலை நாள்தான் இருக்கிறது.

கிளவுடில் ஏற்றினார்கள் என்கிறாய். லாரியில் சாமான் ஏற்றினால் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பல்லியும் கூடவேதான் போகும். என் தப்பும் அப்படித்தான் போயிருக்கும். கோளாறு இல்லை என்று அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. ஒன்றும் நிற்கவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை. அவர்களுக்குக் கோளாறு என்றால் நிற்பதும் விளக்கு எரிவதும்தான். தப்பான பதிலைத் தயங்காமல் சொல்லும் மிஷினுக்கு அவர்களிடம் விளக்கே கிடையாது.

நான் எல்லாவற்றையும் பழிக்கிறவள் என்று நினைக்காதே. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு டிக்கெட் மிஷின் வைத்திருக்கிறார். மழையில் நனைகிறது, கீழே விழுகிறது. இருந்தாலும் கேட்ட ஊருக்குக் கேட்ட டிக்கெட் வருகிறது. அதற்குப் புரோகிராம் எழுதியவன் யாரோ, அவன் கையைப் பிடித்துக் கும்பிடலாம். என் வீட்டு மின்விசிறி அப்படி இல்லை. அதன் ரிமோட் உடைந்ததும் கடைக்காரர், "போன்ல ஆப் எறக்கிக்குங்கம்மா" என்றார். அது என் பிறந்த தேதியைக் கேட்டது. விசிறிக்கு எதற்கு என் வயது? நான் பட்டன் போனுக்கு மாறியதற்குப் பாதிக் காரணம் அந்த விசிறிதான்.

உன் பழைய கம்ப்யூட்டர் மாடிப்படிக்கு அடியில் இன்னும் கிடக்கிறதா? நீ எதையும் தூக்கிப் போட மாட்டாய். அதில் என் புரோகிராமைத் திற. நம்பர் இருக்கும் இடத்தில் 99,997 என்று மாற்றிவிட்டு வரிசையாக மூன்று பெயரைப் போட்டு ரிப்போர்ட் எடு. என்னை நம்ப வேண்டாம். காகிதத்தைப் பார்த்தால் போதும்.

அக்கா


பெரம்பலூர்
26 ஜூன் 2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஐந்து நாள் மேஜையில் போட்டு வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் கூட்டம் குறைந்ததும் ஆனி ரோஸைக் கூப்பிட்டேன். வரதராசன்பேட்டைப் பெண், பத்தொன்பது வருடமாக என்னிடம் டெக்னீஷியன். உனக்குத் தெரியும். இரண்டு பேருமாகப் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டிப் போட்டோம். மூன்றாவது தடவை உயிர் வந்தது.

நீ சொன்னபடி மாற்றினோம். முதல் பெயர், இரண்டாம் பெயர் ஒழுங்காக வந்தன. மூன்றாவதாக என் பெயரையே போட்டேன். நம்பர் ஒன்று என்று வந்தது. நான் பி பாசிட்டிவ், உனக்குத் தெரியும். ஏபி பாசிட்டிவ் என்று அச்சாகி வந்தது.

ஆனி ரோஸ், "சார், யாரோட குரூப் இது?" என்றாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. 2003-ல் லேப் திறந்த அன்றைக்கு முதல் ரத்தம் அப்பாவிடம்தானே எடுத்தோம். "முத ஊசி எனக்குக் குத்துடா, கை ராசி எப்படின்னு பாப்போம்" என்று விரலை நீட்டினார். அப்பா போய் ஒன்பது வருடம். என் பெயருக்குக் கீழே அவர் ரத்தம்.

கம்பெனிக்கு மறுபடி போன் செய்தேன். இந்த முறை மனிதர் பேசினார். "இதக் குறைன்னு பதிய முடியாது சார். புதுக் கோரிக்கைன்னு போட்டுக்கறோம். அடுத்த காலாண்டுல பாப்போம்" என்றார். "அதுவரைக்கும் வர்றவங்கள வேற ரத்தத்தோட அனுப்பவா?" என்று கத்திவிட்டேன். கத்தினால் அவர்களுக்கு அது கேட்பதில்லை. நான்கு நட்சத்திரமா ஐந்து நட்சத்திரமா என்று கேட்டு ஒரு செய்தி வந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

ஜெயப்பிரகாஷ்


அரியலூர்
28 ஜூன் 2025

தம்பி,

மூன்று வேலை. இன்றைக்கே ஆரம்பி.

போனுக்கு ரிப்போர்ட் அனுப்புவதை நிறுத்து. எல்லாம் காகிதத்தில் கொடு. ரிப்போர்ட் அடியில் அச்சாகும் குரூப் வரியை ஆனி ரோஸ் பேனாவால் அடிக்கட்டும். அன்றைக்குக் குரூப் பார்த்தால் மட்டும் கையால் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நம்பர் 99,900 வந்ததும் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு நோட்டுக்கு மாறு.

அடுத்தது ஒரு கேள்வி. மார்ச் மாதம் சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம். ரோட்டோரம் உன் லேப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். கிளை ஆரம்பித்திருக்கிறாய். உள்ளே வரவில்லை, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுப் போய்விட்டேன்.

அங்கே நம்பரை எதிலிருந்து ஆரம்பித்தீர்கள்? பெரம்பலூர் நம்பரின் தொடர்ச்சியா, இல்லை ஒன்றிலிருந்தா? கம்பெனி இரண்டையும் ஒரே இடத்திலா வைத்திருக்கிறது?

ஒன்றிலிருந்து என்றால் ஜூலை வரை காத்திருக்கத் தேவையில்லை. அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

அக்கா


பெரம்பலூர்
8 ஜூலை 2025, காலை

அக்கா,

ராஜவேலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சிறுவாச்சூரிலிருந்து சாம்பிள் எடுத்துவரும் ஆள், வண்டியில் வருகிறார். உன் புது போன் நம்பர் என்னிடம் இல்லை. நான் கேட்கவும் இல்லை. இப்போது எழுதி அனுப்பு.

சிறுவாச்சூர் நம்பர் ஒன்றிலிருந்துதான். நவம்பரிலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேர். எல்லாம் ஒரே இடத்தில்.

விஷயத்தை முத்தமிழிடம் சொன்னேன். லீவில் இருக்கிறாள். நான் முடிக்கும் முன்னே எழுந்து போய்ப் பழைய கம்ப்யூட்டரிலிருந்த பட்டியலை எடுத்து, புதுப் பட்டியலோடு ஒப்பிட ஒரு புரோகிராம் எழுதினாள். இரண்டு நாள் ஆனது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் குரூப் பார்க்காமலே பழைய ஆளின் குரூப் அச்சாகியிருக்கிறது. அவளே இன்னொன்றும் செய்தாள். அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் கர்ப்பிணிகள் யார் என்று தனியாகப் பிரித்தாள். "அப்பா, மொதல்ல இவங்கதான். மத்தவங்க அப்பறம்" என்றாள். பதினொரு பேர்.

பத்துப் பேரைப் போனில் பிடித்துவிட்டோம். எல்லாரையும் வரச்சொல்லி மறுபடி பார்த்தாயிற்று. குரூப் மாறியிருந்த ஆறு பேரும் பாசிட்டிவ்தான், ஆபத்து ஒன்றுமில்லை. பதினோராவது ஆள் கிடைக்கவில்லை. பெயர் கலையரசி, வயது இருபத்துமூன்று, தலைப்பிரசவம். புருஷன் மதுரைவீரன் திருப்பூரில் வேலை. கொடுத்த நம்பரில் இப்போது சேலத்துக்காரர் ஒருவர் பேசுகிறார். சிறுவாச்சூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில், "வளைகாப்பு முடிஞ்சு அம்மா வூட்டுக்குப் போயிட்டுது. சோழபுரம் பக்கம்" என்றார்களாம். பிப்ரவரியில் ரத்த அளவு பார்க்க மட்டும் வந்தவள். ரிப்போர்ட்டில் ஓ பாசிட்டிவ் என்று அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்து கிளினிக்கிலும் அட்டையில் அப்படியே எழுதியிருப்பார்கள்.

அவள் நிஜத்தில் நெகட்டிவாக இருந்தால், குழந்தையின் ரத்தத்தை அவள் உடம்பு எதிர்க்காமலிருக்க இருபத்தெட்டாம் வாரம் ஓர் ஊசி போட வேண்டும். ஆனி ரோஸ் கணக்குப்படி இது இருபத்தேழாம் வாரம்.

கங்கைகொண்ட சோழபுரம் உனக்குப் பக்கம். எனக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை அக்கா.

ஜெயா


அரியலூர்
11 ஜூலை 2025

தம்பி ஜெயா,

போனில் நேற்றே சொல்லிவிட்டேன் என்றாலும் முழுசாக எழுதுகிறேன். போனில் நீ இடையிடையே "அப்பறம், அப்பறம்" என்று கத்திக்கொண்டே இருந்தாய், பாதி சொல்ல முடியவில்லை.

ஒன்பதாம் தேதி காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சோழபுரம் போனேன். கையில் இருந்தது இரண்டு பெயரும் ஒரு வயதும் மட்டும். முப்பது வருடம் கோடிக்கணக்கான பெயர்களுக்குள் ஒரு பெயரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தேடித் தரும் வேலை பார்த்தவள் நான். அன்றைக்குக் கோயில் வாசலில் இறங்கி, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றேன்.

பூக்கடையில் கேட்டேன், தெரியவில்லை. ரேஷன் கடை பூட்டியிருந்தது. பிறகுதான் புத்தி வந்தது. மாசமான பெண் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் நர்சம்மா நோட்டில் பெயர் இருக்கும். துணைச் சுகாதார நிலையத்தைத் தேடிப் போனேன். நர்ஸ் நீளநோட்டைப் புரட்டி, "கலையரசியா? இங்கேர்ந்து ரெண்டு கிலோமீட்டர், முந்திரித் தோப்பத் தாண்டி. நேத்துத்தான் வந்து பதிஞ்சிட்டுப் போனா" என்றார். பேனாவால் எழுதிய நோட்டு. என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், எதற்குத் தேடுகிறேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வழி சொன்னார். இது எதையும் கேட்காமல் ஒரு பெயருக்குக் கீழே இன்னொருவர் குரூப்பைப் போட்ட என் புரோகிராமை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

கலையரசி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையில் வளையல் இன்னும் நிறைய. விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லம்மா."

"நர்சா?"

"அதும் இல்ல. ஒனக்கு ரிப்போர்ட் அடிச்ச கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் குடுத்தவ. தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

அவள் அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டார். "வாயும் வயிறுமா இருக்கற புள்ளகிட்ட வந்து என்னத்தச் சொல்ற? கம்ப்யூட்டரு தப்பு பண்ணுமா?"

"கம்ப்யூட்டர் பண்ணலம்மா. நாந்தான் பண்ணுனேன்."

அந்த அம்மாள் என்னைத் திட்டினார். தெரு கூடிவிட்டது. திட்டட்டும் என்று நின்றேன். இத்தனை வருடத்தில் நான் எழுதிய எதையும் பயன்படுத்தியவர் யாரும் என்னை நேரில் திட்டியதில்லை. குறை எல்லாம் எண்களாகத்தான் என்னிடம் வரும். கலையரசிதான், "யம்மா, சும்மா இரு. அம்மாந் தொலவுலேர்ந்து வந்து சொல்றாங்கல்ல. வேல இல்லாமயா வந்தாங்க?" என்று எழுந்து சேலை மாற்றப் போனாள்.

மூன்று பேருமாக ஜெயங்கொண்டம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். லேப் பெண் வெளியே வந்து, "ஓ நெகட்டிவ்" என்றார். டாக்டரம்மா இன்னொரு பரிசோதனைக்கு எழுதினார். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பில் ஏதாவது உண்டாகிவிட்டதா என்று பார்ப்பது. முடிவு மறுநாள்தான் என்றார்கள். அந்த ஒரு நாளை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதே. ரெங்கம்மாள் இரண்டு தடவை சாப்பாடு கொண்டுவந்து, இரண்டு தடவையும் அப்படியே திருப்பி எடுத்துப் போனார்.

நேற்று மறுபடி போனேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. அடுத்த புதன்கிழமை ஊசி போட்டுடலாம். சரியான வாரத்துல வந்துட்டீங்க. விட்டிருந்தா அடுத்த குழந்தைக்கு ஆபத்தா முடிஞ்சிருக்கும்." கலையரசியின் அம்மா அட்டையைப் பிடுங்கி, டாக்டரம்மா கையாலேயே 'நெகட்டிவ்' என்று பெரிதாக எழுத வைத்தார். வெளியே வந்ததும் என்னிடம், "சாப்ட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான். நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ரெங்கம்மாள் கொடுத்த ரசம் சாதத்தைச் சட்டியோடு காலி செய்தேன்.

அக்கா


பெரம்பலூர்
16 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

கலையரசிக்கு இன்றைக்கு ஊசி போட்டாயிற்று என்று அவள் அம்மாவே போன் செய்தார். என்னையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் வைத்தார்.

சிறுவாச்சூரில் பந்தல் போட்டு மீதி இருநூற்றொரு பேரையும் வரவழைத்து மறுபடி குரூப் பார்த்தோம். நூற்று முப்பத்துநாலு பேருக்குத் தப்பு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை அக்கா. ஒருவருக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது, ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் அவர்களே மறுபடி பார்த்துத்தான் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பாவாடை என்ற பெரியவர் மட்டும் தப்புக் குரூப்பை டிரைவிங் லைசென்ஸில் ஏற்றிவிட்டார். "இப்ப நான் எந்தக் குரூப்புய்யா, முடிவா சொல்லு" என்று பந்தலில் எல்லாரையும் சிரிக்க வைத்தார். பந்தல் பிரித்த அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன், மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் அப்படித் தூங்கியதே இல்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் கம்பெனியிலிருந்து நான்கு பேர் காரில் வந்துவிட்டார்கள். அடுத்த காலாண்டு திடீரென்று இந்த வாரமே வந்துவிட்டது. அதில் ஒரு சின்னப் பெண் உள்ளே திறந்து பார்த்துவிட்டு, "சார், இங்க ஒரு குறிப்பு இருக்கு. 'ரத்த குரூப் மாறாது, இந்த வரியைத் தொடாதே, பூங்குழலி, 2003'. அதனாலதான் நாங்க யாரும் தொடல" என்றாள். மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் இருபத்திரண்டு வருடம் கழித்தும் நான்கு பேர் பயப்படுகிறார்களே என்று உள்ளுக்குள் சிரித்தேன். இலக்கத்தை ஏழாக்கிவிட்டார்கள். இங்கே 99,900-லேயே நோட்டுக்கு மாறியிருந்தோம், அந்தப் பெயர்களையும் ஏற்றியாயிற்று. கிளை நம்பருக்கு முன்னால் தனி எழுத்து. குரூப் வரியை எடுத்தாயிற்று.

இனி நான் சொல்ல வேண்டியது. முத்தமிழ் ரிசல்ட் வந்த அன்றைக்கு எல்லார் முன்னாலும், "புள்ள குட்டி இல்லாதவளுக்குப் புள்ளையப் பத்தி என்ன தெரியும்" என்று கேட்டேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். அந்தச் செருப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் உன் நம்பரைத் தடுத்ததுகூடக் கோபத்தில் இல்லை. நீ பேசினால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான். என்னை மன்னித்துவிடு அக்கா.

ஜெயா


அரியலூர்
21 ஜூலை 2025

அன்புள்ள ஜெயா,

மன்னிப்பு என்ற பெரிய வார்த்தை எதற்கு? வலித்தது. இப்போது வலிக்கவில்லை.

நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். முத்தமிழ் ரிசல்ட் வந்ததற்கு முந்தின வாரம் என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். உங்களிடம் எல்லாம் நானாக விட்டேன் என்று சொன்னேன், அது பொய். கம்ப்யூட்டரில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒன்பது நிமிடம். என்னைவிட இருபது வயது சின்னவன் ஒருவன் எழுதி வைத்ததை வாசித்தான். அவன் வாசித்து முடிப்பதற்குள் என் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், 'தவறு' என்றது. முதல் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து முப்பது வருடம். யாரிடமும் போய் வருகிறேன் என்று சொல்ல முடியவில்லை.

அந்தப் புண்ணோடுதான் உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் அந்தப் பெண் அவ்வளவு சந்தோஷமாக நின்றாள். இவளையும் ஒருநாள் இப்படிப் பூட்டுவார்களே என்று தோன்றியது. அதைச் சொல்லத் தெரியாமல் வேறு எதையோ சொன்னேன்.

தொழிலைப் பற்றி என் எண்ணம் பெரிதாக மாறவில்லை. ஓடும் எதையும் கவனிக்க மாட்டார்கள், நின்றால்தான் வருவார்கள். பெயர் மாற்றி மாற்றி அதே சரக்கை விற்பார்கள். இப்போது மிஷினே புரோகிராம் எழுதுகிறது என்கிறார்கள். எழுதட்டும். என்னைவிட வேகமாக எழுதும். 'இது தப்பாகப் போனால் சோழபுரத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்' என்று அது கேட்டுக்கொள்ளுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

முத்தமிழ் அதைத் தன்னையே கேட்டுக்கொண்டாள். யாரும் சொல்லாமல் அந்தப் பதினொரு பேரைப் பிரித்தாள். எனக்கு இருபத்தொரு வயதில் அது தோன்றியிருக்காது. அவள் எழுதிய புரோகிராமை ராஜவேல் மூலம் அனுப்பியிருந்தாய், படித்தேன். இரண்டு இடத்தில் சுற்றி வளைத்திருக்கிறாள். மற்றபடி சுத்தம். நான் அவளுக்கு வேண்டாம் என்று சொன்னது தப்பு என்று அவளிடமே சொல்ல வேண்டும். நேரில்.

அக்கா


பெரம்பலூர்
4 ஆகஸ்ட் 2025

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அவளிடம் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து முத்தமிழ் வீட்டில் உன்னைப் போலவே பேசிக்கொண்டிருக்கிறாள். காலையில் மிக்சி வாங்க என்னோடு வந்தவள் கடைக்காரரிடம், "இது மாவரைக்கறதுக்கா, இல்ல என் பிறந்த நாளுக்கு வாழ்த்து சொல்றதுக்கா?" என்று கேட்டாள். அவர் முழித்தார்.

நீ இங்கே இருந்தபோதே கேட்க நினைத்தேன். லேபுக்குப் புதிதாக ஒரு புரோகிராம் நீ எழுதிக் கொடுக்கிறாயா? கம்பெனியை விட்டுவிடுகிறேன்.

ஜெயா


அரியலூர்
7 ஆகஸ்ட் 2025

ஜெயா,

எழுத மாட்டேன். நான் எழுதினால் மறுபடி ஒரு வரியைத் தொடாதே என்று எழுதி வைத்துவிட்டு இருபது வருடம் நிம்மதியாக இருந்துவிடுவேன். கம்பெனி இருக்கட்டும். வந்தாளே அந்தச் சின்னப் பெண், அவள் நேர்மையாகப் பேசியிருக்கிறாள். அவளே பார்க்கட்டும்.

ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறேன். ஆனி ரோஸும் நானும் உட்கார்ந்து, எங்கே தப்புகிறது என்று புரோகிராமை உடைக்கப் பார்ப்போம். ஒரே பெயரில் இரண்டு பேர், பெயரே சொல்லத் தெரியாதவர், இரட்டைக் குழந்தைகள், போன் இல்லாதவர். உடைந்தால் கம்பெனிக்கு எழுது. உடையாவிட்டால் எனக்கு ஒரு டம்ளர் காப்பி.

அக்கா


அரியலூர்
9 அக்டோபர் 2025

அன்புள்ள ஜெயா,

இப்போதுதான் ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தேன். புடவைகூட மாற்றவில்லை, எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

கலையரசிக்கு முந்தாநாள் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. குழந்தை ஓ பாசிட்டிவ். அந்தப் பாசிட்டிவ் அப்பன் மதுரைவீரனிடமிருந்து வந்தது. தாய்க்கு இரண்டாவது ஊசியை நேற்றே போட்டுவிட்டார்கள். "இனிமே அடுத்ததப் பத்தியும் கவலப்பட வேணாம்" என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அவர்கள் வீட்டு ஆள் என்றே நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

மதுரைவீரன் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறான். ஒல்லியான பையன். "நீங்கதானா அது?" என்று கேட்டுவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் வெளியே போய் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தான். கலையரசியின் அம்மா குழந்தையைத் துணியோடு என் மடியில் வைத்தார். "கெட்டியா புடி. கம்ப்யூட்டர்னு நெனச்சியா, எங்க வேணும்னாலும் தொடறதுக்கு?" என்றார். வார்டே சிரித்தது. குழந்தை என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிஞ்சுக் கைக்கு அவ்வளவு பிடி.

மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்ப் பஸ் ஏறினேன். ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, சுண்டு விரலில் அந்தப் பிடி இன்னும் இருக்க, ஜன்னல் வழியாக நனைகிற வயலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அரியலூர் வந்து இறங்கும்போது கண்டக்டர், "ஏம்மா, முழு பஸ்சும் காலியாக் கெடக்கு, இம்மாந் தூரம் நின்னுகிட்டே வந்தீங்களே?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே காலியாகத்தான் இருந்தது.

அக்கா